குற்றவாளி பாத்திரமா, படைத்தவரா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

மர்மப் படம் பார்த்துவிட்டு வெளியே வரும் கூட்டத்தில் இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்கலாம். "கொலைகாரன் அவன்தான் என்று இடைவேளையிலேயே சொன்னேனே!" என்று மார்தட்டுவது ஒன்று. "எல்லாம் சரி, அந்தப் பெண் ஏன் தன்னந்தனியாக அந்தப் பங்களாவுக்குப் போனாள்?" என்று கேட்பது இன்னொன்று. முதல் பேச்சு பஸ் நிலையம் போய்ச் சேர்வதற்குள் ஓய்ந்துவிடும். இரண்டாவது பேச்சோ விடுதி அறைவரை கூடவே வந்து, விளக்கை அணைத்த பிறகும் தொடரும். அந்த இரண்டாவது பேச்சைப் பற்றியதே இக்கட்டுரை.

படத்தில் பிழை கண்டுபிடிப்பது எளிது. கண்ட பிழை எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்வதுதான் கடினம். நாம் எல்லாவற்றையும் "லாஜிக் இல்லை" என்ற ஒரே சொல்லால் அடித்துவிடுகிறோம். ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயில் வெள்ளை வீழ்படிவு விழுந்தால், "ஏதோ வெள்ளையாக விழுந்தது" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு வர முடியுமா? குளோரைடா, சல்பேட்டா என்று பிரித்தறிந்து எழுதினால்தான் ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். படத்தின் பிழைகளையும் அவ்வாறே பிரித்தறிய வேண்டும். அப்படிப் பிரித்தால், நாம் பிழை என்று எண்ணியவற்றுள் சில பிழையே அல்ல என்பதும், சில இயக்குநரின் பிழையல்ல, நம்முடைய பிழை என்பதும் விளங்கும்.

மூன்று வகைப் பிழைகள்

முதலாவது தொடர்ச்சிப் பிழை. ஒரு காட்சியில் பாதி காலியாக இருந்த காபித் தம்ளர் அடுத்த கணம் நிறைந்திருக்கும். இடக்கையில் இருந்த கட்டு வலக்கைக்கு மாறியிருக்கும். படங்கள் கதை வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. ஒரு வீட்டில் நடக்கும் காட்சிகள் எல்லாவற்றையும் அந்த வீடு கிடைத்திருக்கும் நாட்களிலேயே சேர்த்து எடுத்துவிடுவார்கள். கதையில் ஒரு நிமிட இடைவெளியில் நடப்பவை, படப்பிடிப்பில் ஒரு மாத இடைவெளியில் எடுக்கப்பட்டிருக்கும். இதைக் கவனித்துக் குறித்துவைக்கவே உதவி இயக்குநர் ஒருவர் இருப்பார். அவர் கண் அசந்தால் தம்ளர் நிறைந்துவிடும். இது கவனக்குறைவு, அவ்வளவுதான்.

இரண்டாவது செய்திப் பிழை. ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தில், குளியலறையில் கொலையுண்டு கிடக்கும் பெண்ணின் கண் மிக அருகில் காட்டப்படும். இறந்தவரின் கண்மணி விரிந்திருக்க வேண்டும். படத்திலோ ஸ்டுடியோ விளக்கொளியில் நடிகையின் கண்மணி சுருங்கியிருந்தது. கண் மருத்துவர்கள் இதைக் கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டினார்கள் என்பது சினிமா வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. நம் படங்களில் வரும் குளோரோபார்ம் கைக்குட்டையும் இந்த இனமே. மூக்கில் வைத்த மாத்திரத்தில் கதாநாயகி சாய்ந்துவிடுகிறாள். உண்மையில் குளோரோபார்ம் ஒருவரை மயக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் அவள் ஊரையே கூட்டிவிடலாம்.

மூன்றாவதுதான் பாத்திரப் பிழை. ஒரு பாத்திரம் தனக்குத் தெரிய முடியாததைத் தெரிந்ததுபோல் நடப்பது. தெரிந்ததை மறந்ததுபோல் நடப்பது. தன் இயல்புக்கு மாறாக, காரணமே இல்லாமல் ஒன்றைச் செய்வது. ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. சிற்றுண்டிச் சாலை ஒன்றில் கதாநாயகி திடீரென்று துப்பாக்கியால் சுடுகிறாள். அவள் சுடுவதற்குச் சில கணங்களுக்கு முன்பே, பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்கிறான்! நடிக்க வந்த பையனுக்கு வெடிச் சத்தம் வரப்போவது தெரியும். உணவருந்த வந்த பையனுக்கு அது தெரியாது. முன்னவன் அறிந்ததைப் பின்னவனின் கை செய்துவிட்டது. பாத்திரப் பிழை எல்லாவற்றுக்கும் இதையே இலக்கணமாகக் கொள்ளலாம். கதையை எழுதியவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குக் கசிந்துவிடுகிறது.

மர்மப் படத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

காதல் படத்தில் கதாநாயகி காரணமின்றிக் கோபித்துக்கொண்டால் நாம் பொறுத்துக்கொள்கிறோம். மர்மப் படத்தில் பொறுக்க முடியாது. ஏனென்றால் அங்கே ஒவ்வொருவரின் நடத்தையும் தடயம். தோட்டக்காரன் ஏன் திரும்பிப் பார்த்தான், தங்கை ஏன் அழவில்லை என்றெல்லாம் நாம் கணக்குப் போட்டுக்கொண்டே பார்க்கிறோம். அந்த நடத்தை பொய்யானால், நமக்குக் கொடுத்த தடயமே பொய்யாகிவிடும். தவறான எடைக்கல்லைக் கொடுத்துவிட்டு நிறுக்கச் சொல்வது போன்றது அது.

துப்பறியும் கதை எழுதுவோர் இதை ஓர் ஒப்பந்தமாகவே கருதினர். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929ஆம் ஆண்டில் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே அறிமுகமாகிவிட வேண்டும். துப்பறிபவருக்கு எதிர்பாராத தற்செயல் எதுவும் கைகொடுக்கக் கூடாது. அவர் கண்ட தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும் என்பன அவற்றுள் சில. பாத்திரத்துக்கு என்ன தெரியும், நமக்கு என்ன தெரியும் என்ற கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

நான்கு கேள்விகள்

ஒரு செயல் பாத்திரப் பிழையா என்று அறிய நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று: அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும்? நமக்குத் தெரிந்ததை அவர் தலையில் ஏற்றக் கூடாது. கொலைகாரன் மாடியில் ஒளிந்திருப்பது நமக்குத் தெரியும். மாடி ஏறும் பெண்ணுக்குத் தெரியாது. அவள் ஏறுவது பிழையல்ல.

இரண்டு: அவருக்கு அப்போது என்ன வேண்டும், எதற்குப் பயம்? பயந்தவர் அறிவாளியைப் போல நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

மூன்று: இதைச் செய்யும் ஆற்றலோ குணமோ அவருக்கு உண்டு என்று முன்பே காட்டப்பட்டதா?

நான்கு: இச்செயலால் பயன் அவருக்கா, கதைக்கா? சாகடிக்க வாய்ப்பிருந்தும் வில்லன் பத்து நிமிடம் வசனம் பேசி நிற்பதால் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. லாபம் முழுவதும், ஓடிவர நேரம் தேவைப்படும் கதாநாயகனுக்கே. இங்கே குற்றவாளி பாத்திரம் அல்ல, படைத்தவரே.

முரண்பாடே தடயமான படம்

இந்தக் கேள்விகளைத் தமிழ்ப் படங்களில் பொருத்திப் பார்ப்போம். (கதையின் முடிவைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத இயலாது. இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும்.)

ஏவி.எம். நிறுவனத்தின் 'அந்த நாள்' 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கினார். பாட்டும் நடனமும் இல்லாமல் தமிழில் ஒரு படம் வர முடியும் என்று அன்றே காட்டிய படம். 1943இல் சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்ட சமயத்தில் நடப்பதாகக் கதை. ரேடியோ என்ஜினீயர் ராஜன் (சிவாஜி கணேசன்) தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறான். கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே ரகசியப் போலீஸ் அதிகாரி சிவானந்தமாக வந்து விசாரிக்கிறார். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ராஜனோடு தொடர்புடைய நாட்டியக்காரி என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்லி, சந்தேகத்தை இன்னொருவர் பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு வாக்குமூலத்திலும் ராஜன் வேறு வேறு மனிதனாகத் தெரிகிறான். அவசரமாகப் பார்ப்பவர், "பாத்திரம் முன்னுக்குப் பின் முரண்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஆனால் நம் கண்ணுக்குக் காட்டப்படுவது ராஜன் அல்ல. சாட்சி ஒருவர் கண்ட ராஜன், அல்லது அவர் நமக்குக் காட்ட விரும்பும் ராஜன். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'ராஷோமான்' (1950) படத்திலும் இதே நிலைதான். ஒரு மரணத்தைப் பற்றி நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "இதை யார் சொல்கிறார்?" என்பது. பாத்திரம் பொய் சொல்லலாம். அது அதன் உரிமை. அந்த உரிமையைக்கூட நாம் எளிதில் தந்துவிடுவதில்லை. ஹிட்ச்காக் தம் 'ஸ்டேஜ் ஃப்ரைட்' (1950) படத்தின் தொடக்கத்தில் ஒருவன் சொல்லும் பொய்யையே நடந்த காட்சிபோலக் காட்டினார். மக்கள் ஏமாற்றப்பட்டதாகக் குறைகூறினர். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று பிற்காலத்தில் ஹிட்ச்காக்கே ஒப்புக்கொண்டார். 'அந்த நாள்' அந்தச் சிக்கலில் விழவில்லை. போலீஸ் விசாரணையில் சந்தேகத்துக்கு உரியவர்கள் பேசுகிறார்கள் என்பது முதலிலிருந்தே நமக்குத் தெரிகிறது. நம்புவதும் நம்பாததும் நம் பொறுப்பு.

ராஜன் இறந்தது மனைவி உஷா (பண்டரிபாய்) கையில் இருந்த துப்பாக்கியால் என்று கடைசியில் தெரிகிறது. அவன் எதிரி நாட்டுக்கு உளவு சொல்பவன் என்று அவள் அறிந்துவிட்டாள். "கட்டிய மனைவி கணவன் மீது துப்பாக்கி நீட்டுவாளா? தமிழ்ப் பெண் செய்வாளா?" என்று அக்காலத்தில் பலருக்குத் தோன்றியிருக்கக் கூடும். ஆனால் கேட்க வேண்டியது, "மனைவி செய்வாளா?" என்பதல்ல, "உஷா செய்வாளா?" என்பதே. படம் காட்டும் உஷா வெறும் மனைவி அல்ல, நாட்டுப்பற்று மிக்க பெண். அவள் செயல் அவளுக்குப் பொருந்துகிறது. பொருந்தாதது, மனைவி என்றால் இப்படித்தான் என்று நாம் கையில் வைத்திருக்கும் அச்சுக்கு மட்டுமே.

இரண்டாம் முறை பார்த்தால்

அடுத்து 'புதிய பறவை' (1964). தாதா மிராசி இயக்கியது. 1963இல் வந்த 'சேஷ் அங்கா' என்ற வங்காளப் படத்தைத் தழுவியது. அதற்கும் மூலம் 1958இல் வந்த ஓர் ஆங்கிலப் படம். கப்பலில் அறிமுகமாகும் லதாவை (சரோஜாதேவி) கோபால் (சிவாஜி கணேசன்) காதலிக்கிறான். முதல் மனைவி சித்ரா ரயிலில் அடிபட்டு இறந்துவிட்டாள் என்கிறான். நிச்சயதார்த்தத்தின்போது, "நான்தான் சித்ரா" என்று ஒருத்தி (சௌகார் ஜானகி) வந்து நிற்கிறாள். கூடவே அவளுடைய மாமாவாக எம்.ஆர். ராதா. கோபால் கதறுகிறான்: இவள் சித்ராவே இல்லை!

முதல்முறை பார்க்கையில் கோபாலின் இரண்டு நடத்தைகள் மிகையாகத் தெரியும். ரயிலைக் கண்டால் நிலைகுலைந்து போகிறான். வந்தவள் சித்ராவாக இருக்குமோ என்று ஒரு கணமும் ஐயப்படுவதில்லை. இறந்துவிட்டதாக எண்ணிய மனைவி எதிரில் வந்து நின்றால் யாருக்கும் ஒரு நொடி தடுமாற்றம் வருமே! அவனுக்கு ஏன் வரவில்லை? இதைப் பாத்திரப் பிழை என்று குறித்துக்கொண்டவர்கள் கடைசிக் காட்சியில் தம் குறிப்பை அடித்துவிட வேண்டியிருக்கும். அவன் அறைந்ததில் சித்ரா இறந்தாள்; உடலைத் தண்டவாளத்தில் போட்டவனும் அவனே. அவள் இறந்ததை அவன் நம்பவில்லை, அறிவான். நம்புகிறவனுக்குத்தான் ஐயம் வரும், அறிந்தவனுக்கு வராது. ஆகவே பிழைபோல் இருந்ததுதான் தடயம்.

லதாவையும் இவ்வாறே பார்க்கலாம். அவளும் அவள் தந்தையாக வந்தவரும், சித்ராவாக வந்தவளும், மாமாவாக வந்தவரும் எல்லாருமே போலீஸ். இரண்டாம் முறை பார்க்கும்போது லதாவின் அன்பான கேள்விகள் விசாரணைக் கேள்விகளாக மாறிவிடுகின்றன. முன்பு பார்த்த வசனம் ஒன்றுகூட மாறவில்லை. பொருள் மட்டும் மாறுகிறது. நல்ல மர்மப் படத்துக்கு இதுவே அடையாளம். இரண்டாம் பார்வையில் பாத்திரங்கள் உதிர்ந்துபோகக் கூடாது. இன்னும் இறுக வேண்டும்.

எனினும் இப்படத்தில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதைப் பிழை தேடுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அன்று நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் சொல்லும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. (2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும் இந்த விதியை வைத்திருக்கிறது.) மாதக்கணக்கில் நாடகமாடி, போலீசாரே சூழ்ந்து நின்று பெற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் செல்லும்? எந்த வழக்கறிஞரும் இதைத்தான் முதலில் கேட்பார். சாதாரணப் பெண்ணாக இருந்தால் லதாவுக்கு இது தெரியாமல் இருக்கலாம். போலீஸ் அதிகாரிக்குத் தெரியாமல் இருக்க முடியாது. வெறும் செய்திப் பிழை எப்போது பாத்திரப் பிழையாகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். தெரிந்திருக்க வேண்டியவர் தெரியாதவர்போல் நடக்கும்போது அது பாத்திரப் பிழையாகிவிடுகிறது. குளோரோபார்ம் நொடியில் மயக்கும் என்று ஒரு திருடன் நம்பினால் அது அவன் அறியாமை. ஒரு டாக்டர் நம்பினால் அது கதாசிரியரின் அறியாமை.

பிழை எங்கிருந்து வருகிறது?

எழுதுகிறவர்களுக்கு அறிவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் உண்மை அதுவல்ல. பெரும்பாலான பாத்திரப் பிழைகளுக்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, முடிவிலிருந்து கதை பின்னுவது. கடைசித் திருப்பத்தை முதலில் யோசித்துவிட்டு, அங்கே கொண்டுசேர்க்கப் பாத்திரங்களைப் பிடித்துத் தள்ளுவார்கள். வழியில் கைபேசி வேலை செய்யாது. நண்பன் சொல்ல வந்ததைச் சொல்லாமல், "நேரில் வா, சொல்கிறேன்" என்பான். நேரில் போவதற்குள் செத்துக் கிடப்பான்.

இரண்டாவது, வெட்டுதல். படத்தின் நீளம் கருதிக் காட்சிகளை எடுத்துவிடும்போது, ஒரு செயலுக்கான காரணமும் சேர்ந்து போய்விடுகிறது. செயல் மட்டும் அநாதையாக நிற்கிறது.

மூன்றாவது, நட்சத்திரத்தின் செல்வாக்கு. பெரிய நடிகர் பயப்படுவதாகவோ தவறாகக் கணிப்பதாகவோ காட்ட அஞ்சுகிறார்கள். அதனால் பாத்திரத்துக்குத் தெரிய வழியே இல்லாததும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

வழக்காடத்தக்க ஓர் உதாரணம் 'ராட்சசன்' (2018). ராம்குமார் இயக்கிய இப்படத்தின் நாயகன் அருண், தொடர் கொலைகாரர்களைப் பற்றிய செய்திகளைச் சேகரித்துவைத்திருக்கும் சினிமா ஆர்வலன். குடும்பச் சூழலால் போலீஸ் வேலைக்கு வருகிறான். பழகிய அதிகாரிகளுக்குத் தோன்றாதது புதியவனுக்குத் தோன்றுவது எப்படி என்ற கேள்விக்கு, முன்பே காட்டப்பட்ட அந்தச் சேகரிப்பு பதில் சொல்லிவிடுகிறது. மூன்றாம் கேள்வியில் அவன் தேறிவிட்டான். ஆனால் அவன் சொல்வதைத் திரும்பத் திரும்பத் தள்ளிவிடும் உயர் அதிகாரி லட்சுமி? கர்வம் அவருடைய இயல்பு என்று காட்டப்பட்டிருப்பதால் முதல் மறுப்பு பொருந்துகிறது. தடயங்கள் குவிந்த பிறகும், வழக்கு முடிந்தால் பெயர் தமக்கே என்று தெரிந்தும் மறுப்பதால் பயன் அவருக்கா, கதைக்கா? என் கணிப்பில் கதைக்கு. நண்பர்கள் மறுத்து வாதிடலாம். நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டு வாதிட்டால் அது வெறும் சண்டையாகாது.

"இவனுக்கு இவ்வளவு மூளையா?"

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

ஜீத்து ஜோசப் 2013இல் மலையாளத்தில் 'திருஷ்யம்' எடுத்தார். அதைத் தமிழில் 'பாபநாசம்' என்று 2015இல் தந்தார். கேபிள் டி.வி. நடத்தும், அதிகம் படிக்காத சுயம்புலிங்கம் (கமல்ஹாசன்), தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு போலீஸ் துறையையே சமாளிக்கிறான். சாட்சிகளின் நினைவில் தேதியையே நகர்த்திவைக்கிறான். இப்படத்தைப் பற்றி எழுந்த குறைகளுள் ஒன்று என் மனத்தில் தைத்தது. "படிக்காத ஒருத்தனுக்கு இவ்வளவு மூளை எப்படி வரும்? பாத்திரப் படைப்பு சரியில்லை" என்றார் ஒருவர்.

மூன்றாம் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அவன் இரவெல்லாம் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பவன், பார்த்த படத்திலிருந்து கற்றுக்கொள்பவன் என்று முதல் பாதியிலேயே காட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவனும் ஒரு தவறு செய்கிறான். இறந்தவனின் காரை அவன் ஓட்டிச் செல்வதைக் கான்ஸ்டபிள் பெருமாள் பார்த்துவிடுகிறார். இந்தத் தவறும் பாத்திரப் பிழையல்ல. நேரம் குறைவு, மனத்தில் பதற்றம். படமும் அதை மறைக்காமல் அவனுக்கு ஆபத்தாகவே வளர்க்கிறது. ஆகப் படத்துக்குள் அவனுடைய அறிவுக்கும் கணக்கு இருக்கிறது, தவறுக்கும் கணக்கு இருக்கிறது. முரண்பாடு படத்தில் இல்லை. "படிக்காதவன் என்றால் மூளை இல்லாதவன்" என்று எண்ணியவரின் மனத்தில் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் பட்டுப்புழு வளர்க்கும் என் தாயார் பள்ளிக்கூடம் போனதில்லை. ஒருநாள் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு திகில் படம். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். அம்மா மட்டும் மல்பெரி இலையை நறுக்கிக்கொண்டே, "ஏன்டா, சாவி அவ இடுப்புலதானே இருக்குது? அப்புறம் என்னாத்துக்கு ஜன்னல ஒடைக்கிறா?" என்றார். படத்தை எடுத்தவர்களுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. அதில் வியப்பில்லை. புழு வளர்ப்பவர்கள் நாள் முழுதும் செய்வது இதே வேலைதான். தின்றுகொண்டிருந்த புழு திடீரென்று தின்பதை நிறுத்திவிட்டால், அது நோயாகவும் இருக்கலாம், தோலுரிக்கும் பருவமாகவும் இருக்கலாம். கூடு கட்டுவதற்குள் புழு நான்குமுறை தோலுரிக்கும். தலையைத் தூக்கியபடி அசையாமல் இருக்கிறதா, துவண்டு கிடக்கிறதா, தட்டில் உள்ள மற்றவை எப்படி இருக்கின்றன, கடைசியாக எப்போது தோலுரித்தது என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றே, காரணம் வேறு. பிழையையும் தடயத்தையும் பிரித்தறிவது இதைவிட வேறென்ன?

ஆனால் நம் படங்கள் கிராமத்தவரை எப்படிக் காட்டுகின்றன? போலீஸ் வந்தால் உளறுபவர், பேய் என்றால் நம்புபவர், பட்டணத்து நாயகன் விளக்கம் சொல்லும்வரை வாய் பிளந்து நிற்பவர். ஓடையில் நீர் எத்தனை நாளில் வற்றும் என்று சொல்லத் தெரிந்த ஆள், தன் வீட்டு வாசலில் கிடக்கும் புதுச் செருப்புத் தடத்தைக் கவனிக்க மாட்டாராம்! இதைப் பாத்திரப் பிழை என்று யாரும் பட்டியலிடுவதில்லை. தம்ளரில் காபி ஏறியதைக் கண்டுபிடித்தவர்கள்கூட இதைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

சந்தேகத்தைத் திசைதிருப்பப் படங்கள் யாரைப் பயன்படுத்துகின்றன என்பதையும் கவனியுங்கள். வேலைக்காரர், காவல்காரர், முகத்தில் தழும்புள்ளவர், மனநலம் குன்றியவர். அவர்மேல் ஒரு தடயமும் இருக்காது. தோற்றம் ஒன்றே போதும், நாம் சந்தேகித்துவிடுவோம். இயக்குநர் நம்மை ஏமாற்றினார் என்கிறோம். உண்மையில் நம்மிடம் இருந்த சரக்கையே அவர் எடுத்துப் பயன்படுத்தினார். ஊரில் ஓர் ஆடு காணாமல் போனால் முதலில் யார் பெயர் அடிபடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அங்கே எந்தத் தடயத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரைச் சொன்னோம்? படத்தில் கடைசி ரீலில் உண்மை வெளிவந்து வேலைக்காரர் தப்பிவிடுவார். ஊரில் அப்படி ஒரு கடைசி ரீல் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

பழகிக்கொள்ளும் முறை

ஆர்வமுள்ள நண்பர்களுக்கு ஒரு செய்முறை. ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். செயல், அப்போது பாத்திரம் அறிந்தது, முன்பு காட்டப்பட்ட இயல்பு, பயன் யாருக்கு. ஐயத்துக்குரிய செயல்களை மட்டும் அதில் எழுதுங்கள். யார் சொல்லி அந்தக் காட்சியைப் பார்க்கிறோம் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். பிழை என்று எழுதுவதற்கு முன், அந்தப் பாத்திரத்தின் வழக்கறிஞராக நின்று ஒருமுறை வாதாடிப் பாருங்கள். ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில், சாகும்போது கேன் சொன்ன கடைசிச் சொல்லைக் கேட்க அறையில் யாருமே இல்லையே என்று பலர் குறை சொல்வதுண்டு. ஆனால் அதைத் தான் கேட்டதாக வீட்டுப் பணியாளர் படத்திலேயே பின்னால் சொல்கிறார். வாதாடாமல் தண்டித்தால் இப்படித்தான் ஆகும்.

பிறகு படத்தை இரண்டாம் முறை பாருங்கள். டைட்ரேஷனில் ஒருமுறை எடுத்த அளவை நாம் ஏற்பதில்லை. அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஒத்துவந்தால்தான் கணக்கில் சேர்க்கிறோம். இரண்டு பார்வையிலும் நிற்கும் பிழையே பிழை. மற்றவை அவசரம்.

இவ்வளவு பாடுபட்டுப் பார்த்தால் படம் ரசிக்குமா என்று சிலர் கேட்கலாம். எனக்கு ரசிக்கிறது. உஷாவும் கோபாலும் சுயம்புலிங்கமும் முன்னைவிட இப்போது எனக்கு உயிருள்ளவர்களாகத் தெரிகிறார்கள். நம் படங்களை எடுப்பவர்களும், பார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்தால் இன்னும் கவனமாக எடுப்பார்கள்.

ஆகவே நண்பர்களே, "அவர் அப்படிச் செய்யமாட்டார்" என்று சொல்ல வாயெடுக்கும் முன், அந்த 'அவர்' யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். நாம் கண்டு, கேட்டு, கவனித்த அந்த ஒரு மனிதரா? அல்லது அந்த இனத்தார் எல்லாரும் இப்படித்தான் என்று யாரோ நமக்குச் சொல்லிவைத்த ஆளா? முன்னவராக இருந்தால் துணிந்து பிழை என்று எழுதலாம். பின்னவராக இருந்தால் பேனாவை மூடிவிட்டு, படத்தை இன்னொருமுறை பார்ப்பதே நல்லது.